யார் பேரில் பற்று எழுதுவது? – ஏகாதிபத்தியமும் முதல் உலகப் போரும்: வரலாற்றாசிரியர் கருத்துகள் பற்றி ஒரு மதிப்பீடு

தில்லியில் குடியேறிய தமிழ்க் குடும்பம் எதுவாயினும், ஊரிலிருந்து உறவினர் வந்தால் முதலில் அழைத்துச் செல்லும் இடங்களில் ஒன்று இந்தியா கேட். பிள்ளைகளுக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்து, படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவோம். அந்த வளைவின் சுவர்களில் 13,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் செதுக்கப்பட்டுள்ளன என்பது நம்மில் பலர் கவனிக்காத செய்தி. 1921-ல் அடிக்கல் நாட்டி 1931-ல் திறந்துவைத்த போர் நினைவுச் சின்னம் அது. முதல் உலகப் போரிலும், அதையடுத்த ஆப்கன் போரிலும் இறந்த வீரர்களுக்காக எழுப்பியது.

அவர்கள் எதற்காக இறந்தார்கள்? என் பேரன் பள்ளிப் பாடத்தை வைத்துக்கொண்டு, "நாலு காரணம் எழுதணும் தாத்தா. ஏகாதிபத்தியம், ஆயுதப் போட்டி, ரகசிய உடன்படிக்கை, தேசிய வெறி. ஏகாதிபத்தியம்தான் ஃபர்ஸ்ட் பாயின்ட்" என்றான். "ஏகாதிபத்தியம்னா என்னடா?" என்றேன். "அடுத்தவன் நாட்டைப் பிடிக்கிறது." "சரி, ஆப்பிரிக்காவுல நாடு பிடிக்கிறதுக்கும், ஆஸ்திரியா செர்பியா மேல படையெடுத்ததுக்கும் என்ன சம்பந்தம்?" பையன் விழித்தான். உண்மையைச் சொல்லப்போனால் எனக்கும் அப்போது விடை தெரியாது. அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு சில ஆண்டுகள் படித்ததன் பயனே இக்கட்டுரை.

மலர்க் குழுவினர் வழக்கமாக என்னிடம் சமண இலக்கியம் பற்றித்தான் கேட்பார்கள். இம்முறை பொருள் மாறியதற்குப் பொறுத்தருள வேண்டும். நான் சரித்திரத்தில் பட்டம் பெற்றவன் அல்லேன். கைத்தறித் துணி வியாபாரத்தில் நாற்பது ஆண்டுகள் பேரேடு புரட்டியவன். ஆனால் நூலை எப்படி மதிப்பிடுவது என்பதற்குப் பவணந்தி முனிவர் வழி சொல்லியிருக்கிறார். ஒருவர் கொள்கையை முதலில் ஏற்று, அதன் வழியே நடந்து பார்த்து, பிறகு களைவது நன்னூல் கூறும் எழுவகை மதங்களில் ஒன்று. இருவர் மாறுபட்டு நின்றால் ஒருபக்கம் துணிவது மற்றொன்று. அந்த முறையைத்தான் இங்கே கையாள முயல்கிறேன்.

ஹாப்சன் திறந்த கணக்கு

ஏகாதிபத்தியத்தைப் பொருளாதாரக் கணக்காக முதலில் விரித்து எழுதியவர்களில் முக்கியமானவர் ஜே. ஏ. ஹாப்சன் என்ற ஆங்கிலேயர். 1899-ல் 'மான்செஸ்டர் கார்டியன்' இதழுக்காகத் தென்னாப்பிரிக்கா சென்று, போயர் போர் மூண்ட சூழலை நேரில் பார்த்தவர். அவருடைய 'இம்பீரியலிசம்' நூல் 1902-ல் வெளிவந்தது.

அவர் வாதம் எளியது. உள்நாட்டில் செல்வம் சிலர் கையில் குவிகிறது. தொழிலாளிக்கு வாங்கும் சக்தி இல்லை. ஆகவே சரக்கு தேங்குகிறது, முதலாளியின் பணமும் போக்கிடமின்றித் தேங்குகிறது. அந்தப் பணம் வெளிநாட்டில் லாபம் தேடிப் போகிறது. போன பணத்துக்குக் காவலாக அரசாங்கம் படை அனுப்புகிறது. இதனால் தேசத்துக்கு நஷ்டம், சிலருக்கு மட்டும் லாபம். உள்நாட்டில் கூலியை உயர்த்தினாலே இந்த நோய் தீரும் என்பது ஹாப்சன் சொன்ன மருந்து.

கடைத்தெருவில் இருப்பவனுக்கு இது உடனே புரியும். ஆனால் இரண்டு குறைகளைச் சொல்லியாக வேண்டும். ஒன்று, ஹாப்சன் பேசியது போயர் போரைப் பற்றி. 1914-ஆம் ஆண்டுப் போருக்குப் பன்னிரண்டு ஆண்டு முன்னரே எழுதிய நூல் அது. அதைப் பின்வந்தவர்கள் எடுத்து வேறு பூட்டுக்குச் சாவியாக்கினார்கள். இரண்டாவது குறை மனத்தை உறுத்துவது. தென்னாப்பிரிக்கப் போருக்கு யூதப் பணக்காரர்களே காரணம் என்ற பழியையும் அவர் எழுதிவைத்தார். சிறுபான்மை வணிகச் சமூகத்தில் பிறந்த எனக்கு அந்தப் பக்கங்களைப் படிக்கும்போது கை நின்றுவிட்டது. ஒரு முறையின் குற்றத்தை ஒரு சமூகத்தின் பேரில் பற்று எழுதுவது கணக்கு அல்ல, வசை. அந்தப் பழக்கம் பின்னர் ஐரோப்பாவில் எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை உலகம் அறியும்.

லெனின் முடித்த கணக்கு

ஹாப்சனின் பேரேட்டை எடுத்து, ஹில்ஃபெர்டிங் 1910-ல் எழுதிய 'நிதி மூலதனம்' என்ற நூலையும் சேர்த்துக்கொண்டு, லெனின் 1916-ல் ஜூரிச் நகரில் தம் சிறுநூலை எழுதினார். மறு ஆண்டு அது பெட்ரோகிராடில் அச்சாயிற்று. கூலியை உயர்த்தினால் நோய் தீரும் என்ற ஹாப்சனின் மருந்தை லெனின் ஏற்கவில்லை. வங்கியும் ஆலையும் ஒன்றுபட்டு ஏகபோகமாகிவிட்டன. சரக்கு ஏற்றுமதியைவிட மூலதன ஏற்றுமதியே முக்கியமாகிவிட்டது. உலகம் முழுவதும் பங்கு போட்டாகிவிட்டது. இனி வளர்கிற வல்லரசுக்கு இடம் வேண்டுமானால் பிறரிடமிருந்து பிடுங்கித்தான் ஆகவேண்டும், எனவே போர் தவிர்க்க முடியாதது என்றார். காட்ஸ்கி 1914-லேயே இதற்கு மாறாக, முதலாளிகள் தங்களுக்குள் கூடிப் பேசி உலகைச் சேர்ந்து சுரண்டவும் வழியுண்டு என்று எழுதியிருந்தார். அவரை லெனின் கடுமையாகச் சாடினார்.

நம் தலைமுறையில் படித்தவர்களுக்கு இந்த விளக்கம்தான் பழக்கம். நேரு சிறையிலிருந்து மகளுக்கு எழுதிய உலக சரித்திரக் கடிதங்களிலும் இதன் சாயல் உண்டு. அடிமை நாட்டில் பிறந்தவர்களுக்கு இதில் ஓர் ஆறுதலும் இருந்தது. நம்மைச் சுரண்டிய அதே முறைதான் அவர்களையும் ஒருவரோடொருவர் மோதி அழியச் செய்தது என்பதில் ஒரு நீதி தெரிகிறதல்லவா? ஆனால் ஆறுதல் தருவதாலேயே ஒன்று உண்மையாகிவிடாது. பேரேட்டைப் புரட்டிப் பார்ப்போம்.

கணக்கு உதைக்கும் இடம்

ஹெர்பர்ட் ஃபைஸ் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1930-ல் ஒரு நல்ல காரியம் செய்தார். 1914-க்கு முன் ஐரோப்பியப் பணம் எந்தெந்த நாட்டுக்குப் போயிற்று என்று தொகுத்துக் கொடுத்தார். பிரிட்டனின் வெளிநாட்டு முதலீடு ஏறத்தாழ 375 கோடி பவுன். அதில் பாதிக்கும் மேல் பேரரசுக்கு வெளியே, அமெரிக்க ஐக்கிய நாட்டிலும் தென்னமெரிக்காவிலும் பிற இடங்களிலும் இருந்தது. பேரரசுக்குள் போனதிலும் பெரும்பங்கு கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகியவற்றுக்கே. இந்தியாவும் இலங்கையும் சேர்ந்து மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு. ஐரோப்பியர் ஓட்டப்பந்தயம் வைத்துப் பிடித்த ஆப்பிரிக்க நிலத்தில் மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போனது நூற்றில் ஒன்று.

பிரான்ஸின் கணக்கு இன்னும் வேடிக்கை. அதன் வெளிநாட்டு முதலீட்டில் கால் பங்கு ரஷ்யாவில். சொந்தக் காலனிகளில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அந்த ரஷ்யக் கடனும் வெறும் வட்டிக்காகக் கொடுத்ததன்று. ஜெர்மனிக்கு எதிராக ஒரு துணை வேண்டும் என்பதற்காகப் பிரெஞ்சு அரசே ஊக்குவித்தது. அதாவது, பணம் போன வழியே அரசியல் போயிற்று என்று லெனின் சொல்ல, இங்கே அரசியல் போன வழியே பணம் போயிருக்கிறது.

இதற்கு லெனின் பக்கத்தார் ஒரு மறுமொழி கூறலாம். ஜான் காலகர், ரொனால்ட் ராபின்சன் என்ற இரு பிரிட்டிஷ் வரலாற்றாசிரியர்கள் 1953-ல் எழுதிய கட்டுரையில், கொடி நாட்டினால்தான் ஏகாதிபத்தியம் என்பதில்லை, கடனாலும் வணிகத்தாலும் ஒரு நாட்டைக் கைக்குள் வைத்திருப்பதும் ஏகாதிபத்தியமே என்று நிறுவினார்கள். அர்ஜென்டினாவில் பிரிட்டிஷ் கொடி இல்லை, ஆனால் பிரிட்டிஷ் ரயில் இருந்தது. இது நியாயமான திருத்தம். ஏற்றுக்கொள்கிறேன்.

ஆனால் ஏற்றாலும் கணக்கு நேராகவில்லை. போர் செய்தவர்கள் யார்? பிரிட்டனும் ஜெர்மனியும் ஒன்றுக்கொன்று மிகப்பெரிய வாடிக்கையாளர்கள். ஜெர்மன் வணிகக் கப்பல்கள் பலவற்றுக்கு லண்டன் லாயிட்ஸில்தான் காப்பீடு. பாக்தாத் ரயில் பாதை பற்றிய தகராறில் 1914 ஜூன் மாதத்தில்தான் இருவரும் உடன்பாட்டுக்கு வந்தார்கள். காலனிச் சண்டைகளும் அப்படியே. 1898-ல் சூடான் நாட்டு ஃபஷோடாவில் பிரிட்டனும் பிரான்ஸும் போரின் விளிம்புக்குப் போய்த் திரும்பின. 1904-ல் எகிப்து உனக்கு, மொராக்கோ எனக்கு என்று பேசி முடித்துக்கொண்டன. 1907-ல் பிரிட்டனும் ரஷ்யாவும் பாரசீகம், ஆப்கானிஸ்தானம், திபெத் பற்றி ஒப்பந்தம் செய்துகொண்டன. பிறர் நிலத்தைப் பங்கு போடுவதில் இவர்கள் தேர்ந்த சமாதானப் பிரியர்கள்!

இன்னொன்று. 1914 ஜூலை 31 அன்று லண்டன் பங்குச் சந்தை கதவடைத்தது. மறுபடி திறந்தது 1915 ஜனவரி 4-ல். பணக்காரர்கள் தூண்டிவிட்ட போர் என்றால், அவர்கள் கடையே ஏன் முதலில் மூடப்பட்டது? ஊரில் கலவரம் என்று கேள்விப்பட்டதும் ஷட்டரை இழுத்துவிடும் வியாபாரியின் பயம் அதில் தெரிகிறதே தவிர, சூழ்ச்சிக்காரனின் மகிழ்ச்சி தெரியவில்லை. போரால் எந்த நாட்டுக்கும் லாபமில்லை என்று நார்மன் ஏஞ்செல் 1910-ஆம் ஆண்டு நூலில் கணக்கிட்டுக் காட்டினார். கணக்கு சரி. ஆனால் முடிவெடுத்தவர்கள் அந்தக் கணக்கைப் பார்த்து முடிவெடுக்கவில்லை. பொருளியல் அறிஞர் ஷும்பீட்டர் 1919-ல் சொன்னது இங்கே பொருந்துகிறது. படையெடுப்பை வழக்கமாகக் கொண்ட பழைய பிரபுத்துவ வர்க்கத்தின் எச்சமே ஏகாதிபத்தியம், அது வியாபாரியின் குணம் அல்ல என்றார் அவர். வியாபாரி என்ற முறையில் எனக்கு இது இனிக்கிறது. இனிப்பதாலேயே இதையும் சந்தேகிக்கிறேன். கிழக்கிந்தியக் கம்பெனி வியாபாரிகள் கம்பெனிதானே?

பழி சுமத்தும் படலம்

பொருளாதார விளக்கம் ஒருபுறம் நடக்க, மறுபுறம் இன்னொரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. 1919 ஜூன் 28-ல் கையெழுத்தான வெர்சாய் உடன்படிக்கையின் 231-ஆம் பிரிவு, போரால் விளைந்த நஷ்டத்துக்கு ஜெர்மனியும் அதன் துணை நாடுகளும் பொறுப்பு என்றது. நஷ்ட ஈடு வாங்க எழுதிய பிரிவு ஒரு தேசத்தின் மானப் பிரச்சினையாயிற்று.

பழியைத் துடைக்க ஜெர்மன் அரசு தன் வெளியுறவு ஆவணங்களை 1922 முதல் 1927 வரை 40 தொகுதிகளாக அச்சிட்டது. பிரிட்டனின் தொகுப்பு 1926-ல்தான் வெளிவரத் தொடங்கியது. இதில் வியாபாரிகளுக்குத் தெரிந்த சூட்சுமம் ஒன்று உண்டு. வழக்கில் யார் தன் கணக்குப் புத்தகத்தை முதலில் பஞ்சாயத்தார் முன் வைக்கிறானோ, அவன் சொன்ன வரிசையில்தான் விசாரணை நடக்கும். அமெரிக்கப் பேராசிரியர் சிட்னி ஃபே 1928-ல் எழுதிய இரண்டு தொகுதி நூல், எந்த நாடும் தனிக் குற்றவாளி அல்ல, எல்லார்க்கும் பங்குண்டு என்று தீர்ப்புச் சொன்னது. ஜெர்மன் தொகுதிகள் முதலில் கைக்குக் கிடைத்ததும் அதற்கு ஒரு காரணம்.

எல்லா நாட்டு ஆவணங்களையும் பொறுமையாக ஒப்பிட்டவர் ஓர் இத்தாலியப் பத்திரிகை ஆசிரியர். லூயிஜி அல்பெர்தினி என்று பெயர். பாசிஸ்டுகளால் 1925-ல் தம் பத்திரிகையிலிருந்து வெளியேற்றப்பட்டவர். மிஞ்சிய ஆயுளை இந்த ஆராய்ச்சியில் கழித்து 1941-ல் காலமானார். மூன்று பெரிய தொகுதிகள் அவர் மறைந்த பின் வந்தன. சரித்திரப் பேராசிரியர் பதவி இல்லாமல் படித்தே இவ்வளவு செய்தார் என்பதால் எனக்கு அவர்மேல் தனி மரியாதை. ஜெர்மனியின் பொறுப்பே அதிகம், ஆனால் மற்றவர்களும் தப்ப முடியாது என்பது அவர் முடிவு.

1961-ல் ஹாம்பர்க் பேராசிரியர் ஃபிரிட்ஸ் ஃபிஷர் ஒரு நூல் வெளியிட்டு ஜெர்மனியையே உலுக்கினார். 1914 செப்டம்பர் 9 தேதியிட்ட ஓர் அரசுக் குறிப்பை அவர் முன்வைத்தார். பெல்ஜியத்தை அடிமை நாடாக்குவது, பிரான்ஸை முடமாக்குவது, நடு ஆப்பிரிக்காவில் பெரிய காலனி அமைப்பது என்று ஆசைப் பட்டியல் நீள்கிறது. ஆகவே ஜெர்மனி உலக ஆதிக்கத்துக்காகவே போரை விரும்பியது என்றார். சக பேராசிரியர்கள் கொதித்தார்கள். 1964-ல் அவருடைய அமெரிக்கச் சொற்பொழிவுப் பயணத்துக்கு அரசு தருவதாயிருந்த பணமும் நிறுத்தப்பட்டது. சொந்த நாட்டின் பழியைச் சொந்த நாட்டு ஆவணத்தாலேயே நிறுவிய அந்தத் துணிவை வணங்குகிறேன்.

ஆனால் மதிப்புரையில் வணக்கம் மட்டும் போதாது. போர் தொடங்கி ஐந்து வாரம் கழித்து எழுதிய பட்டியல், போருக்கு முன்பிருந்த நோக்கத்துக்கு எப்படிச் சாட்சியாகும்? வழக்கு ஜெயிக்கும் என்று தோன்றியதும் எதிராளியின் தோட்டத்தையும் சேர்த்துக் கேட்பவன், தோட்டத்துக்காகவே வழக்குப் போட்டான் என்று ஆகாது. இதற்கு விடையாக ஃபிஷர் தம் இரண்டாம் நூலில் 1912 டிசம்பர் 8-ல் கெய்சர் கூட்டிய ஆலோசனையைக் காட்டினார். போர் எவ்வளவு சீக்கிரம் வருகிறதோ அவ்வளவு நல்லது என்று படைத்தலைவர் மோல்ட்கே அங்கே பேசியது உண்மை. கடற்படைத் தலைவர் இன்னும் ஒன்றரை ஆண்டு வேண்டும் என்றதும் உண்மை. அது திட்டமா, வெறும் வாய்ச்சவடாலா என்பதில் அறிஞர்களுக்குள் இன்னும் கருத்து வேறுபாடு உண்டு.

தூக்கத்தில் நடந்தார்களா?

பொருளாதாரமும் வேண்டாம், பழியும் வேண்டாம் என்பது மூன்றாம் அணி. ஏ. ஜே. பி. டெய்லர் 1969-ல், ரயில்வே கால அட்டவணைதான் போரைக் கொண்டுவந்தது என்றார். படை திரட்டும் திட்டம் ஒருமுறை ஓடத் தொடங்கினால் நிறுத்த முடியாது என்பது அவர் வாதம். கிறிஸ்டோபர் கிளார்க் 2012-ல் வெளியிட்ட நூலுக்குத் 'தூக்கத்தில் நடந்தவர்கள்' என்றே பெயர். கிளார்க் மிகச் சிறந்த எழுத்தாளர். செர்பியா, ரஷ்யா, பிரான்ஸ் ஆகியவற்றின் பங்கை அவர் விளக்கியது பெரிய நன்மை. யார் செய்தார் என்பதைவிட எப்படி நடந்தது என்று கேட்போம் என்கிறார்.

இந்தத் தலைப்பை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. தேதிகளைப் பாருங்கள். ஜூன் 28-ல் ஆஸ்திரிய இளவரசர் சரயேவோவில் சுடப்பட்டார். ஜூலை 5, 6 தேதிகளில் ஜெர்மனி ஆஸ்திரியாவுக்கு 'என்ன செய்தாலும் துணை நிற்போம்' என்று வாக்குக் கொடுத்தது. தொகை எழுதாத செக் என்று இதைச் சொல்வார்கள். கடன் வாங்குபவனுக்கு வரம்பில்லாமல் ஜாமீன் கையெழுத்துப் போட்டவன், பின்னால் 'எனக்குத் தெரியாது' என்றால் எந்தப் பஞ்சாயத்து ஒப்பும்? ஜூலை 23-ல் ஆஸ்திரியாவின் இறுதி எச்சரிக்கை, 28-ல் செர்பியா மீது போர். ரஷ்யச் சக்கரவர்த்தி நிக்கலாஸ் முழுப் படைதிரட்டலுக்கு இசைந்தார். ஜூலை 29 இரவு, கெய்சரின் தந்தியைக் கண்டு அதை நிறுத்தினார். மறுநாள் 30-ஆம் தேதி அமைச்சரும் தளபதிகளும் நெருக்க, மீண்டும் ஆணையிட்டார். ஆகஸ்டு 1-ல் ரஷ்யா மீதும் 3-ல் பிரான்ஸ் மீதும் ஜெர்மனி போர் அறிவித்தது. பெல்ஜியத்தில் ஜெர்மன் படை நுழைந்ததும் 4-ல் பிரிட்டன் இறங்கியது.

நிறுத்த முடியாத ரயில் என்றார் டெய்லர். ஒரு மனிதர் ஓர் இரவு அதை நிறுத்தியே காட்டினார். மறுநாள் மனம் மாறினார். தூங்குகிறவன் இப்படி இருமுறை யோசிக்க மாட்டான். இவர்கள் விழித்திருந்தவர்கள். என்ன விலை என்பதைக் கேட்காமல் கையெழுத்துப் போட்டவர்கள்.

பக்கத்திலேயே இருந்த ஏகாதிபத்தியம்

அப்படியானால் பேரன் பாடத்திலிருந்து முதல் பாயின்ட்டை அடித்துவிடலாமா? கூடாது. ஏகாதிபத்தியம் என்றதும் எல்லாரும் கடல் கடந்து ஆப்பிரிக்காவையே பார்த்தார்கள். அது சரயேவோவிலேயே இருந்தது.

போஸ்னியா துருக்கியரிடமிருந்து 1878-ல் ஆஸ்திரிய நிர்வாகத்துக்குப் போன நாடு. ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் பொது நிதியமைச்சர் பொறுப்பில் அதை ஆண்டார்கள். 1908-ல் முழுதாகச் சேர்த்துக்கொண்டார்கள். அந்த மண்ணில் பிறந்த பத்தொன்பது வயது இளைஞன் காவ்ரிலோ பிரின்சிப் சுட்டது, தன் ஊரை ஆள வந்த பேரரசின் வாரிசை. இது காலனிக் கதை இல்லாமல் வேறென்ன?

இன்னொரு சங்கிலியும் உண்டு. 1911-ல் பிரான்ஸ் மொராக்கோவை வளைத்தது. அதைக் கண்ட இத்தாலி, தனக்கும் பங்கு வேண்டுமென்று அதே ஆண்டு செப்டம்பரில் துருக்கியரிடமிருந்து லிபியாவைப் பறிக்கப் புறப்பட்டது. துருக்கி தளர்ந்ததைக் கண்ட பால்கன் நாடுகள் 1912 அக்டோபரில் அதன்மேல் பாய்ந்தன. அதனால் செர்பியாவின் நிலப்பரப்பு ஏறக்குறைய இரட்டித்தது. செர்பியா வளர்ந்ததைக் கண்டு ஆஸ்திரியா நடுங்கியது. மொராக்கோவில் உருட்டிய கல் சரயேவோவில் வந்து நின்றது. கிளார்க் நூலில் நான் மிகவும் போற்றும் பகுதி லிபியா பற்றியதே.

லெனினுக்கும் இது தெரியாததல்ல. 1917-ல் எழுதிய முன்னுரையில் அவரே ஒப்புக்கொள்கிறார். ஜாரின் தணிக்கைக்குப் பயந்து, நூலில் ஜப்பான் என்றும் கொரியா என்றும் எழுதினேன். வாசகர் அவ்விடங்களில் ரஷ்யா என்றும் பின்லாந்து, போலந்து, உக்ரைன் என்றும் மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள் என்கிறார். என்ன பொருள்? ஐரோப்பாவுக்குள்ளேயே பிற இனங்களை அடக்கி ஆண்ட நிலப் பேரரசுகள்தான் 1914-ல் முதலில் மோதிக்கொண்டவை. அந்தப் பகுதி அவர் நூலில் மாற்றுப் பெயரில் மறைந்து கிடக்கிறது. பின்னால் வந்த பாடப் புத்தகங்கள் மூலதனக் கணக்கை மட்டும் படியெடுத்துக்கொண்டு இதை விட்டுவிட்டன.

ஐரோப்பியப் போர் உலகப் போரானது

இனி நமக்கு நேரே சம்பந்தப்பட்ட இடத்துக்கு வருகிறேன். வியன்னாவும் பெல்கிரேடும் சண்டையிட்டால் சென்னையில் ஏன் குண்டு விழ வேண்டும்? 1914 செப்டம்பர் 22 இரவு 'எம்டன்' என்ற ஜெர்மன் கப்பல் சென்னைத் துறைமுகத்தில் பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்தது. கெட்டிக்காரனை 'அவன் சரியான எம்டன்' என்று இன்றும் சொல்கிறோமே, அந்தச் சொல் வந்த வழி இது. நான்கு நாள் கழித்து, செப்டம்பர் 26-ல், இந்தியச் சிப்பாய்கள் பிரான்ஸின் மார்செய் துறைமுகத்தில் இறங்கினார்கள். நவம்பர் தொடக்கத்தில் ஆப்பிரிக்காவின் டாங்காவில், இன்றைய தான்சானியாவில், இந்தியாவிலிருந்து சென்ற படை தோற்றுத் திரும்பியது. அந்தப் படையில் பாளையங்கோட்டையின் பெயர் தாங்கிய 63-ஆம் காலாட்படையும் இருந்தது. எதிரே ஜெர்மன் தளபதியின் கீழ் நின்றவர்களில் பெரும்பாலோர் ஆப்பிரிக்கச் சிப்பாய்கள். சண்டை நடுவே தேனீக்கள் கிளம்பி இருதரப்பையும் கொட்டின. பாளையங்கோட்டைப் படைக்கும் அந்த ஆப்பிரிக்கருக்கும் என்ன விரோதம்? இரு வேறு எசமானர்கள் இருந்தார்கள், அவ்வளவுதான்.

பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் கடல் கடந்து அனுப்பப்பட்டனர். சுமார் 74,000 பேர் மாண்டனர். 1917-ல் இந்தியாவின் பேரில் 10 கோடி பவுன் போர்ச் செலவுக்குக் 'கொடை'யாக எழுதப்பட்டது. இந்தப் போரில் சேரலாமா என்று இந்தியரை எவரும் கேட்கவில்லை. பிரிட்டன் இறங்கிய கணமே இந்தியாவும் இறங்கியதாகிவிட்டது. இதைச் செய்தது எது? ஏகாதிபத்தியமேயன்றி வேறில்லை.

இதை உரத்துச் சொன்னவர் அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டூ பாய்ஸ். போரின் வேர்கள் ஆப்பிரிக்காவில் இருக்கின்றன என்று 1915 மே மாதமே எழுதினார். காலனிக் கொள்ளையில் வெள்ளைத் தொழிலாளிக்கும் பங்கு கிடைக்கிறது, ஆகவே அவனும் கேள்வி கேட்பதில்லை என்றார். ஜூலை 1914-ல் நடந்ததற்கு அவர் வாதம் போதிய விளக்கம் ஆகாது. ஆனால் ஆள்பவர்களின் கையெழுத்துக்கு விலை கொடுத்தவர்கள் யார் என்ற கேள்விக்கு மிக அருகில் வந்தவர் அவரே. அவரை நம் பாடப் புத்தகங்களில் காணோம்.

எந்தக் கேள்விக்கு எந்த விடை

ஆக, இத்தனை பேரும் ஒரே கேள்விக்கு விடை சொல்வதாக நினைத்து மூன்று கேள்விகளுக்கு விடை சொல்லியிருக்கிறார்கள் என்பதே என் முடிவு. 1914 ஜூலையில் போர் ஏன் மூண்டது? அதற்கு விடை வியன்னா, பெர்லின், பீட்டர்ஸ்பர்க் முதலிய இடங்களில் விழித்திருந்தே கையெழுத்திட்டவர்கள். பெர்லினின் பங்கு சிறியதன்று. பால்கன் தகராறு ஐரோப்பாவையே எரிக்கும் அளவுக்கு ஏன் வளர்ந்தது? பேரரசுகள் ஒன்றையொன்று பார்த்து நிலம் பிடித்ததும், பிடித்த நிலத்தை விட மறுத்ததும் காரணம். ஐரோப்பியப் போர் உலகப் போரானது ஏன்? இந்த இடத்தில் ஏகாதிபத்தியத்தின் பேரில் முழுப் பற்றும் எழுதலாம்.

எங்கள் சமண தருக்கத்தில் அநேகாந்தம் என்பார்கள். எல்லாரும் சொல்வது சரி என்று தலையாட்டுவதே அது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியன்று. ஒரு கூற்று எந்த நோக்கில், எந்தக் கேள்விக்கு உண்மை என்று வரையறுத்துச் சொல்வதே அநேகாந்தம். அந்த நோக்குக்கு நயம் என்று பெயர். ஒரு நயத்தையே முழு உண்மை என்று பிடித்துக்கொண்டால் அது நயாபாசம், அதாவது போலி நயம். எல்லார்க்கும் பங்குண்டு என்று சொல்லி ஒருவரையும் கேளாமல் விடுவது அதைவிடப் பெரிய தவறு. கூட்டு வியாபாரத்தில் நஷ்டம் வந்தாலும் பங்கு இன்னாருக்கு இவ்வளவு என்று எழுதித்தானே தீர வேண்டும்?

பேரன் இந்த மூன்று கேள்வியையும் கேட்டுவிட்டு, "இப்படி எழுதினா மார்க் கிடைக்காது தாத்தா" என்றான். அது வாஸ்தவம். பரீட்சையில் நாலு பாயின்ட்டையே எழுதச் சொன்னேன். ஆனால் அடுத்த ஞாயிறு அவனை இந்தியா கேட்டுக்கு அழைத்துப் போய், அந்தச் சுவரைக் காட்டி, மூன்றாவது கேள்வியை மட்டும் மறுபடி கேட்டேன். அந்தப் பெயர்களுக்கு உரியவர்கள் எவரும் முதல் இரண்டு கேள்விகளில் சம்பந்தப்பட்டவர்கள் அல்லர் என்று அவனே சொன்னான்.

கருத்து மாறுபடும் அன்பர்கள் இருப்பின், சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் நேரிலேயே மறுக்கலாம். பேரேட்டையும் கொண்டுவருகிறேன்.